செல்வி செட்டும் ஆறிப்போன பிரியாணியும்

திண்டிவனம் செஞ்சி ரோட்டில் சென்ட்ரிங் சாமான் வாடகைக்கு விடும் கடை என்னுடையது. தளம் போடுவதற்கு முன் அடியில் பரப்புகிற இரும்புத் தகடு, முட்டுக் கொடுக்கிற சவுக்குக் கழி, கலவை மிஷின் எல்லாவற்றுக்கும் ஜனங்கள் என்னிடம்தான் வந்தாக வேண்டும். யார் மாடி கட்டுகிறார், யார் பாதியில் நிறுத்திவிட்டார், எந்த அண்ணன் தம்பிக்குள் சுவர் எழும்புகிறது என்பதெல்லாம் ஊருக்குத் தெரியுமுன் எனக்குத் தெரிந்துவிடும். அதனால் அரங்கநாதன் என்றால் ஊரில் கொஞ்சம் மரியாதை உண்டு. அந்த மரியாதையைக் காலால் தள்ளிவிட்டுப் பேசுகிற ஒரே ஆள் சகாயசெல்வி.

"அண்ணே, இந்தத் தகட்டப் பாருங்க. சல்லடையாட்டம் கீது. இதுல கலவ கொட்டினா, கீழ நிக்கறவன் தலையிலதான் தளம் போடணும்."

வேறு யாராவது சொல்லியிருந்தால் கடையை விட்டே இறக்கியிருப்பேன். செல்வி சொன்னால் பேசாமல் உள்ளே போய் நல்ல தகடாக எடுத்துத் தருவேன். அவள் சொல்வது உண்மை என்பது ஒரு காரணம். பதில் சொன்னால் இன்னும் நாலு பேர் முன்னால் மானம் போகும் என்பது பெரிய காரணம்.

விக்கிரவாண்டிக்குப் பக்கத்துப் பெண். தொண்ணூற்று மூன்றில் அமலதாசுக்கு வாழ்க்கைப்பட்டு இந்த ஊருக்கு வந்தாள். வந்தாள் என்று பெயர்தான், மறுவீட்டு விருந்து முடிவதற்குள் புருசனும் பெண்டாட்டியும் பெங்களூர் பஸ்சில் ஏறிவிட்டார்கள். அந்த நாளில் இந்தப் பக்கத்தில் கல்யாணம் என்றால் அப்படித்தான். மழை பொய்த்தால் மல்லாட்டை என்கிற வேர்க்கடலைக் கொல்லையில் வேலை இருக்காது. கட்டட வேலைக்குப் பெங்களூரோ கேரளாவோ போய்த்தான் ஆக வேண்டும். அங்கே தகரக் கொட்டகையில் குடித்தனம். அவன் கொத்து வேலை, அவள் சித்தாள் வேலை. நாலைந்து வருசத்தில் கன்னடத்தில் சண்டை போடுகிற அளவுக்குத் தேறிவிட்டாள்.

அங்கே பஸ் ஸ்டாண்டில் ஒருத்தன் அவர்களைப் பார்க்கும்போதெல்லாம், தமிழ் ஆட்கள் வந்து எங்கள் வேலையைப் பிடுங்கிக்கொண்டார்கள் என்று கத்துவானாம். செல்வி அதை என்னிடம் சிரித்துக்கொண்டே சொல்வாள்.

"அவன் ஒரு நாளாச்சும் சைட்டுக்கு வந்து பாண்டுச் சட்டி தூக்கியிருந்தா, பிடுங்கினேன்னு ஒத்துக்குவேண்ணே. அவன் பெஞ்ச வுட்டே எழுந்திரிக்கல. சொல்லியிருப்பேன், ஒதைப்பானேன்னு கம்முனு வந்துட்டேன்."

பிறகு ஒரு நாள் சாரம் சரிந்து அமலதாஸ் விழுந்தான். உயிர் தப்பியது மாதா புண்ணியம் என்பார்கள். இடது கால் மட்டும் பழைய மாதிரி மடங்கவில்லை. இருவரும் ஊருக்குத் திரும்பினார்கள். ஏணி ஏற முடியாத கொத்தனாரை யார் கூப்பிடுவார்கள்? வாட்ச்மேன் வேலை கேட்டான், காலைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றார்கள். பெட்டிக்கடையில் உட்கார்ந்து பார்த்தான், எல்லாருக்கும் கடன் கொடுத்தே கடையை மூடினான். நூறு நாள் வேலை வந்தபோது ஏரிக்கரையில் தண்ணீர் கொடுக்கிற பொறுப்பைத் தந்தார்கள். அந்த நாட்களில் அவன் முகத்தைப் பார்க்க வேண்டும், கலெக்டர் உத்தியோகம் கிடைத்த மாதிரி வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போவான். அது முடிந்துவிட்டால் மறுபடியும் வீடு, அடுப்பு. சமையலை மட்டும் அவன் கை விடவில்லை. பெங்களூரில் வேலை ஆட்கள் செட்டு முழுவதற்கும் ஆக்கிப்போட்ட கை அது.

சம்பாத்தியம் செல்வி தலையில் விழுந்தது. அவள் தெருப் பெண்களைச் சேர்த்துத் தளம் போடுகிற செட்டு ஒன்று ஆரம்பித்தாள். மிஷினிலிருந்து தளம் வரை வரிசையாக நின்று கலவை நிரப்பிய பாண்டுச் சட்டியைக் கை மாற்றி கை மாற்றி மேலே அனுப்புகிற வேலை. ஒருத்தி சுணங்கினால் வரிசையே நின்றுவிடும். செல்வி கீழே நின்று ஒரு குரல் கொடுப்பாள் பாருங்கள், என் கடையில் இருக்கிற நானே ஏதாவது ஒன்றைத் தூக்கிவிடுவேன். "செல்வி செட்டு" என்று சொன்னால் என்ஜினியர்கள் மறுபேச்சுப் பேசாத காலம் ஒன்று இருந்தது.

இரண்டாயிரத்துப் பத்து வாக்கில் வடக்கிலிருந்து பையன்கள் வர ஆரம்பித்தார்கள். ரயில் வரும், கும்பலாக இறங்குவார்கள், கையில் ஒரு பிளாஸ்டிக் வாளி இருக்கும். குறைந்த கூலி, லீவு கேட்க மாட்டார்கள், கட்டட மூலையிலேயே படுத்துக்கொள்வார்கள். முதலாளிகளுக்கு இதைவிட என்ன வேண்டும்? என் கடை வாசல் அன்றிலிருந்து பட்டிமன்ற மேடை ஆகிவிட்டது. வடக்கத்தியான் வந்து நம் வேலையைப் பிடுங்கிவிட்டான் என்று ஒரு கட்சி. நம் ஆள் இலவச அரிசியைத் தின்றுவிட்டுக் குப்புறப் படுத்துவிட்டான், அதனால்தான் அவன் வந்தான் என்று இன்னொரு கட்சி. இரண்டு கட்சியிலும் வேலைக்குப் போகிறவன் ஒருத்தனும் கிடையாது. வேலைக்குப் போகிறவனுக்கு என் கடை வாசலில் பகல் பதினோரு மணிக்கு என்ன வேலை?

இரண்டாவது கட்சிக்குத் தலைவர் அப்பாதுரை. ரைஸ்மில் முதலாளி. நல்ல மனுசர், வாய் மட்டும் கொஞ்சம் நீளம். ரேஷன் அரிசி என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், அவர் மில்லை விட அதிகச் சத்தம் போடுவார். அவர் கல்யாண மண்டபம் கட்டினார். திண்டிவனத்தில் அவ்வளவு பெரிய தளம் அதுவரை யாரும் போட்டதில்லை. அந்த வேலையை முழுக்கப் பீகார் பையன்களுக்கே கொடுக்கப்போவதாக அவர் என் கடையில் வைத்துச் சொல்லிக்கொண்டிருந்தபோது செல்வி வந்து சேர்ந்தாள்.

"முதலாளி, ஊர்ல நாங்க இருக்கச்சே தளம் வெளியாளுக்கா?"

"உங்களுக்கு இன்னாத்துக்கும்மா வேலை? அரிசி சும்மா வருது. நூறு நாள் வேலைன்னு மரத்தடியில குந்திக்கினு கத பேசினா காசு வருது. உம் புருசன் அங்க தண்ணி ஊத்திக் குடுத்துக்கினு இருந்தத நானே பாத்தேனே."

எனக்குச் சுருக்கென்றது. செல்விக்கும் முகம் சிவந்துவிட்டது. ஆனால் நிதானமாகத்தான் பேசினாள்.

"வருசம் பூரா நீங்க வேலை குடுங்க முதலாளி, ஏரிக்கரைப் பக்கம் நாங்க தலை வெச்சுப் படுக்க மாட்டோம். வேலை இல்லாத நாளுக்குத்தான் அந்த வேலை. அரிசி வயித்துக்கு. மீதி எல்லாத்துக்கும் பாண்டு தூக்கித்தான் ஆவணும்."

 பதில் வராவிட்டால் அப்பாதுரை பந்தயம் கட்டுவார், அது அவர் பழக்கம். மண்டபத் தளத்தை இரண்டு பக்கத்திலிருந்தும் போடலாம் என்றார். கிழக்கே பீகார் பையன்கள், மேற்கே செல்வி செட்டு, ஆளுக்கொரு மிஷின். நடுக்கோட்டுக்கு எந்த செட்டு முதலில் வருகிறதோ, அதற்கே அடுத்து வரும் சாப்பாட்டுக் கூடத்துத் தளம், மாடி, சுற்றுச்சுவர் எல்லாம். தோற்ற செட்டு இந்தக் காம்பவுண்டுக்குள் வரவே கூடாது.

செல்வி சரி என்றுவிட்டாள். அவர் போன பிறகு என் ஸ்டூலில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டாள். 

"இதுல தோத்தா முடிஞ்சுதுண்ணே. பெரிய தளத்துல தோத்த செட்ட சின்ன வூட்டுக்குக் கூட எவனும் கூப்பிட மாட்டான். என்ன நம்பி எத்தினி பொம்பளைங்க கீறாங்க."

அது 2012, பங்குனி மாதம். தளம் போடுகிற நாளில் வீட்டுக்காரர் செட்டு முழுவதற்கும் கறிச் சாப்பாடு போடுவது எங்கள் பக்கத்து வழக்கம். அன்றைக்கு மட்டும் யாரும் சோற்றுத் தூக்கு எடுத்துவர மாட்டார்கள், எடுத்து வந்தால் வீட்டுக்காரரை அவமதித்த மாதிரி. பங்குனி என்றால் கிறிஸ்தவர்களுக்குத் தவக்காலம், செல்வி தெருவில் ஒரு வீட்டிலும் கவுச்சி தொட மாட்டார்கள். அதை அவள் முன்கூட்டியே அப்பாதுரையிடம் சொல்லிவிட்டாள். அவர் சிரித்தார்.

"எந்த விரதமும் சீரகச் சம்பா பிரியாணி வாசன வர்ற வரைக்கும்தாம்மா. சும்மா கெடைக்கறத வேணாம்னு சொன்ன ஆள நான் இன்னும் பாக்கல."

தளத்தன்று விடிந்ததும் இரண்டு மிஷினும் உறுமத் தொடங்கின. தகடு என்னுடையது என்பதால் நானும் குடை பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன். மேற்கே செல்வியின் குரல், கிழக்கே உபேந்தர் என்ற பையனின் குரல். அந்த செட்டுக்கு அவன்தான் தலைவன், மீசை அப்போதுதான் அரும்புகிற வயது. முந்தின வாரம் என் கடையில் தகடு ஏற்ற வந்தபோது செல்வி அவனிடம் கன்னடத்தில் பேசியிருந்தாள். வெளியூர்க்காரன் என்றால் கன்னடம் என்பது அவள் கணக்கு. அவன் அதுதான் தமிழ் போலிருக்கிறது என்று பத்திரமாகப் படித்துக்கொண்டு வந்து, காலையில் என்னைப் பார்த்து "ஊட்டா ஆயித்தா?" என்று, அதாவது சாப்பிட்டாயிற்றா என்று, பணிவாகக் கேட்டான். நானும் ஆயித்து என்றேன்.

முதலில் பையன்கள் ஓடினார்கள். நிஜமாகவே ஓடினார்கள், பாண்டு பறந்தது. செல்வி அவசரப்படவில்லை. வெயில் ஏற ஏறப் பெண்கள் வரிசை அதே வேகத்தில் போனது, பையன்கள் வரிசை தளர்ந்தது. மதியத்துக்குள் மேற்குப் பக்கம் நன்றாகவே முந்திவிட்டது. அப்பாதுரையின் முகத்தில் ஈயாடவில்லை, எனக்கு உள்ளூரக் குஷி.

அப்போதுதான் அண்டா அண்டாவாகப் பிரியாணி வந்து இறங்கியது. தம்மைத் திறந்ததும் செஞ்சி ரோடே மணத்தது. பெண்கள் கையைக் கழுவிவிட்டு நிழலில் ஒதுங்கி உட்கார்ந்து கொண்டார்கள். அப்பாதுரை அசரவில்லை, "சரி, அவனுங்க துன்னட்டும்" என்று கிழக்கே கை காட்டினார். உபேந்தர் எட்டிப் பார்த்தான், இரண்டு கையையும் கூப்பினான், திரும்பிப் போய்த் தன் ஆட்களோடு உட்கார்ந்துவிட்டான். ஒருத்தன் கூட எழுந்து வரவில்லை.

"இன்னாடா இது? கூலி ஏத்திக் கேக்கறானுங்களா? ஸ்ட்ரைக்கா?" என்று அப்பாதுரை பதறினார்.

உபேந்தர் "நவராத்ரி, நவராத்ரி" என்றான். எங்களுக்குப் புரியவே இல்லை. நவராத்திரி என்றால் புரட்டாசியில் கொலு வைத்துச் சுண்டல் கொடுப்பது. பங்குனி வெயிலில் எங்கிருந்து வந்தது நவராத்திரி? பையன் பொய் சொல்கிறான் என்றே நான் நினைத்தேன். செல்வி எழுந்து அவன் எதிரில் போய் நின்றாள். அவன் மணிக்கட்டில் கட்டியிருந்த சிவப்புக் கயிற்றைக் காட்டினான். பிறகு அவள் கழுத்து ஜெபமாலையைக் காட்டி, சாப்பிடாத அவள் பெண்களையும் காட்டினான். அண்டாவிலிருந்த கறி, வெங்காயம், பூண்டு மூன்றையும் காட்டிக் கையை ஆட்டினான். அவளுக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள் பாருங்கள், மண்டபம் முழுக்கக் கேட்டது.

"முதலாளி! இவனுங்க ஊர்ல இப்பத்தான் நவராத்திரியாம். இவனுங்களும் விரதம். கவுச்சி ஆவாது, வெங்காயம் பூண்டு கூட ஆவாது. காலையில இருந்து ஒண்ணும் துன்னலபோலக் கீது, பாருங்க, கண்ணு உள்ள போய்க்கீது."

ஊரில் ஓசிச் சோற்றுக்கு ஆலாய்ப் பறக்கிறார்கள் என்று அத்தனை நாள் கத்திய மனுசர், தன் சொந்தச் செலவில் ஆக்கிய பிரியாணியைத் தின்ன ஆள் இல்லாமல் நின்றார். நானும் தளத்துக்குப் பைப் பதிக்க வந்த எலெக்ட்ரீஷியனும்தான் உட்கார்ந்தோம். நான் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன், அதில் எனக்கு வெட்கம் எதுவும் இல்லை.

செல்வி அப்படியே வேலையைத் தொடங்கியிருக்கலாம். பசியோடு உழைக்க அவள் பெண்களுக்குப் பழக்கம் உண்டு, பையன்கள் சாயங்காலத்துக்குள் விழுந்திருப்பார்கள். பந்தயம் அவள் கையில் இருந்தது. அவளுக்கு அது தெரியும். பையன்களைப் பார்த்தாள். பிறகு, மண்டபத்துக்குப் பின்னால் இருக்கிற தன் தெருவைப் பார்த்து ஒரு குரல் கொடுத்தாள். வேலியருகே அமலதாஸ் வந்து நின்றான்.

"யாங்க, வூட்ல கீற அரிசிய மொத்தமா ஒலையில போடுங்க. அக்னஸ் அக்கா வூட்லயும் வாங்கிக்கங்க. பருப்பு, தக்காளி ரசம். வெங்காயம் பூண்டு மட்டும் வேணாம். ஜல்தி!"

"எத்தினி பேருக்கு?"

"எல்லாருக்கும்!"

நான் கையைக் கழுவிக்கொண்டு அவளிடம் ஓடினேன். "செல்வி, உனக்குக் கிறுக்கா? ஜெயிக்கற நேரத்துல எதிராளிக்கு சோறு போடற?"

"பசியில நிக்கற புள்ளைங்கள ஜெயிச்சு இன்னா ஆவப்போவுதுண்ணே?" என்றாள். 

அக்கம்பக்கத்து அடுப்பெல்லாம் எரிந்தது. அமலதாஸ் காலை இழுத்துக்கொண்டு, ஆனால் என்ன சுறுசுறுப்பாக, வாளியும் கரண்டியுமாக வந்தான். அவனே பரிமாறினான். ஒரு பையனுக்கு இலையில் சோறு தீருமுன் அடுத்த கரண்டி விழுந்துவிடும். பெண்களும் பையன்களும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அப்பாதுரை சுற்றிச் சுற்றி வந்தார். அமலதாஸ் ஒன்றும் கேட்காமல் அவருக்கும் ஒரு இலை போட்டான். ரசத்தை ஊற்றிப் பிசைந்து நாலு வாய் உள்ளே போனதும் அவர் கேட்டார்.

"ரசம் பிரமாதம்யா. சோறும் நல்லாத்தான் பதமா கீது. எந்த மில்லு அரிசி?"

"நீங்க திட்டுவீங்களே முதலாளி, அந்த அரிசிதான்," என்றான் அமலதாஸ்.

பெண்கள் சிரித்ததைப் பார்த்துக் காரணம் தெரியாமலே பையன்களும் சிரித்தார்கள். அப்பாதுரை குனிந்து இலையைப் பார்த்தார். பிறகு, "இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்து" என்றார். அவர் மேல் எனக்கு உண்மையான மரியாதை வந்தது அன்றைக்குத்தான். பிரியாணி பஸ் ஸ்டாண்ட் ஆட்டோ ஸ்டாண்டுக்குப் போனது. அங்கே அவருக்கு வாழ்க கோஷமே போட்டார்களாம்.

சாப்பிட்ட பிறகு யார் எந்தப் பக்கம் என்பதே குழம்பிவிட்டது. செல்வி தன் பெண்கள் பாதிப் பேரைக் கிழக்கு வரிசையில் நிறுத்தினாள், உபேந்தர் கனமான பாண்டு ஏற்றுகிற இடத்துக்குத் தன் பையன்களை மேற்கே அனுப்பினான். அவள் கன்னடத்தில் விரட்ட, அவன் இந்தியில் விரட்ட, நடுவில் நின்ற எங்கள் ஊர்ப் பெண்கள் இரண்டையும் சேர்த்துக் கத்தினார்கள். வெயில் சாய்கிற நேரத்தில் இரண்டு பக்கக் கலவையும் நடுக்கோட்டில் வந்து சேர்ந்தது. வைப்ரேட்டரை ஓட்டி, மட்டப்பலகை போட்டுத் தேய்த்தார்கள். எங்கே ஒட்டியது என்று என்னாலேயே கண்டுபிடிக்க முடியவில்லை.

அப்பாதுரை ஏணி ஏறி மேலே வந்தார்.

"சரி. யாரு ஜெயிச்சது?"

 செல்வி சேலையை உதறிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"ரெண்டு செட்டு இல்லைங்க, இனிமே ஒரே செட்டு. சாப்பாட்டுக் கூடமும் மாடியும் நாங்களே போடறோம். ஆனா எல்லாருக்கும் ஒரே கூலி. எனக்கு ஒரு கூலி, அவனுக்கு அதவிடக் கொறச்சலுன்னு வெச்சா, இன்னிக்கு அவன வெச்சு என்ன வெரட்டுவீங்க, நாளைக்கு வேற எவனயோ வெச்சு அவன வெரட்டுவீங்க."

"கொறச்ச கூலிக்கு அவன் வர்றானே, நான் இன்னாத்துக்கு ஏத்தித் தரணும்?"

நியாயமான கேள்விதான், முதலாளிக்கு. செல்வி உபேந்தரைத் திரும்பிப் பார்த்தாள். அவனுக்கு எவ்வளவு புரிந்தது என்று தெரியாது. குறைந்த கூலிக்கே வருகிறேன் என்று அவன் தலையாட்டினால் போதும், கிழக்கு மேற்கு எல்லாம் அவன் செட்டுக்குத்தான். அவள் தன் பாண்டை எடுத்துத் தளத்து ஓரத்தில் கவிழ்த்து வைத்தாள். வேலை முடிந்தது, இனி தூக்க மாட்டேன் என்பதற்கு எங்கள் பக்கத்தில் அதுதான் அடையாளம். 

உபேந்தர் அவளைப் பார்த்தான், கவிழ்ந்த பாண்டைப் பார்த்தான். தன் பாண்டை எடுத்து அதன் பக்கத்தில் கவிழ்த்தான். அவனுக்குப் பின்னால் ஒவ்வொரு பையனாகக் கவிழ்த்தான்.  சும்மா சொல்லவில்லை, அழுதேன்.

அப்பாதுரை அந்தப் பாண்டு வரிசையை நீளப் பார்த்தார். தாடையைச் சொறிந்தார்.

"பேஜாரு புடிச்ச பொம்பள. சரி, திங்கக்கெழம வாங்க. ஒரே கூலி. ஆனா ஒண்ணு, இனிமே சாப்பாடு நான் ஏற்பாடு பண்ண மாட்டேன். மாடி முடியற வரைக்கும் உம் புருசனே ஆக்கட்டும்."

 செல்வி மெதுவாகக் கேட்டாள்.

"அவருக்குக் கூலி உண்டுங்களா?"

"எல்லாருக்கும் ஒரே கூலின்னு நீதானம்மா சொன்ன?"

செல்வி முழங்கால் வரை சிமெண்ட் ஒட்டிய காலோடு ஏணியில் இறங்கி, கீழே வேலியருகே அண்டா கழுவிக்கொண்டிருந்த மனுசனை நோக்கி ஓடினாள்.